நந்தி மலைப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் கல்யாணமா? கொஞ்சம் பொறுங்கள்

பெங்களூரில் இருக்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். சித்திரையில் என் தங்கை கல்யாணம் நந்தி மலை அடிவாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் நடந்தது. புகார் நிலுவையில் இருப்பதால் இடத்தின் பெயரைப் போடவில்லை.

மண்டபம் வேண்டாம், தோட்டம்தான் வேண்டும் என்றது மாப்பிள்ளை வீட்டு ஆசை. எங்களுக்குக் காட்டிய படங்களில் பந்தல் முழுக்கப் பச்சை, கொத்துக் கொத்தாகக் கறுப்புத் திராட்சை. எல்லாம் அறுவடைக்கு முன்னால் எடுத்தவை. அந்தப் பக்கம் கோடையில் பழத்தைப் பறித்ததும் ஏப்ரல் வாக்கில் கொடியைக் கவாத்து செய்துவிடுவார்கள், அதாவது கிளைகளை ஒட்ட வெட்டிவிடுவார்கள். நாங்கள் போய் இறங்கியபோது வரிசை வரிசையாகக் கம்பியும் மொட்டைக் கட்டையும்தான். "சீசன் அப்படி சார்" என்றார் மேனேஜர். தேதியைச் சொல்லித்தானே புக் செய்தோம், அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாமே!

அதைக்கூட விட்டுவிடலாம். கவாத்து முடிந்த கட்டையில் பூஞ்சை வராமல் இருக்க மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் கலந்து அடிப்பார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் அதை அடித்துவிட்டு யாரும் மூச்சு விடவில்லை. தாலி கட்டி முடிந்ததும் போட்டோகிராபர் இருவரையும் கொடிகளுக்கு நடுவே நிறுத்தினார். கூரைப்புடவை முந்தானையில் நீலமும் வெள்ளையுமாக ஒரு பூச்சு. சித்தி ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க அது பரவிக்கொண்டே போனது. அந்தக் கட்டைகளைப் பிடித்து விளையாடிய பிள்ளைகள் அதே கையோடு ஜாங்கிரி எடுக்க ஓடியதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

பண விஷயம் தனிக்கதை. "உங்கள் சமையல்காரரையே கூட்டி வாருங்கள்" என்று போனில் சொன்னவர்கள், முந்தின நாள் சாயங்காலம் சமையல் வண்டியை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். 60,000 ரூபாய் கட்டினால்தான் அடுப்பு உள்ளே போகும் என்றார்கள். விடிந்தால் முகூர்த்தம், அப்பா என்ன செய்வார்? கட்டினார். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு 'இதர வகை' என்று ஒரு துண்டுச்சீட்டு வந்தது. புல்தரையில் ஹோமம் கூடாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்துத் தகர ஷெட்டில்தான் தாலி ஏறியது. ராத்திரி 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னதை மட்டும் குறை சொல்ல மாட்டேன், அது சட்டம்.

தோட்டக் கல்யாணம்தான் என்று முடிவு செய்தவர்கள் கவாத்து எப்போது, மருந்து எப்போது, ஹோமம் எங்கே, வெளிச் சமையலுக்கு எவ்வளவு என்பதையெல்லாம் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். போன் பேச்சை நம்பாதீர்கள்; வாட்ஸப்பிலாவது ஒரு வரி கேட்டு வையுங்கள்.

நாங்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொன்னோம், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. சமாதானமாகப் போகலாம் என்று தோட்டத்தார் தரப்பிலிருந்து ஒரு கூப்பன் வந்தது, குடும்பத்தோடு வந்து இலவசமாக ஒயின் ருசி பார்க்கலாமாம். அதையும் புகாரோடு இணைத்துவிட்டோம்.