பிஎன்எச்: ஊசியா, மாத்திரையா, மஜ்ஜை மாற்றா?

காலையில் முதல் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். பிஎன்எச் என்றால், அதாவது உடலின் தற்காப்புப் புரதங்களே சிவப்பணுக்களை உடைக்கும் அரிய ரத்த நோய் என்றால், பலரும் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் நோயாளியின் உயிரை அதிகம் பறித்தது ரத்தக்கட்டு, அதிலும் கல்லீரல், மூளை நாளங்களில் விழுவது. 1995இல் வெளியான லண்டன் ஆய்வில் 80 பேர் இருந்தார்கள். நோய் தெரிந்தபின் பாதிப் பேருக்குப் பத்தாண்டுதான் கிடைத்தது. அதனால் எந்தச் சிகிச்சையானாலும் நான் முதலில் கேட்பது, கட்டைத் தடுக்குமா என்பதைத்தான்.

2007இல் வந்த எகுலிசுமாப் என்ற மருந்து தடுத்தது. இங்கிலாந்தின் லீட்ஸில் அதைப் போட்டுக்கொண்ட 79 பேரின் ஆயுள், அதே வயதுள்ள மற்றவர்களின் ஆயுளுக்கு ஒப்பாக இருந்தது. அதற்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். அதே வகை மருந்தான ராவுலிசுமாபுக்கு எட்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். வேலை ஒன்றே என்பதால் இரண்டில் எனக்கு ராவுலிசுமாப்தான்.

சரி, குறை எங்கே? அந்தத் தற்காப்புப் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிவிடும் சங்கிலி போல வேலை செய்பவை; இரண்டு மருந்தும் அதன் கடைசிப் பகுதியில் உள்ள சி5 புரதத்தை மட்டும் அடக்குகின்றன. அதற்கு முந்தைய சி3 துணுக்குகள் சிவப்பணுமேல் ஒட்டிக்கொள்ள, கல்லீரலும் மண்ணீரலும் அவற்றை விழுங்கிவிடும். சிறுநீர் தெளிந்தாலும் மாடி ஏறினால் மூச்சு வாங்கும். சிலருக்கு ரத்தம் ஏற்றுவதும் நிற்காது.

இப்டகோபன் மாத்திரை அந்தச் சங்கிலியில் சி5க்கும் முந்தைய படியிலேயே அடைக்கிறது. சி5 ஊசி போட்டும் ரத்தசோகை தீராதவர்களிடம் நடந்த சோதனையில், மாத்திரைக்கு மாறியவர்களில் மதிப்பிட முடிந்த 60 பேரில் 51 பேருக்கு ஹீமோகுளோபின் 2 கிராமாவது ஏறியது. ஊசியிலேயே தொடர்ந்த 35 பேரில் ஒருவருக்கும் ஏறவில்லை. வாரம் இருமுறை தோலுக்கடியில் செலுத்தும் பெக்செடாகோப்ளானும் இதே வழிதான்.

ஆனால் மருந்து காப்பாற்றி வைத்திருப்பது கோளாறுள்ள அணுக்களை. காலை, மாலை மாத்திரை தவறினால் சேர்ந்திருப்பதெல்லாம் மொத்தமாக உடையும், கட்டும் விழலாம். அப்புறம், இவை தற்காப்பையே அடக்குவதால், எல்லா மருந்துக்கும் மெனிங்கோகாக்கல் (மூளைக்காய்ச்சல் கிருமி) தடுப்பூசி கட்டாயம். போட்டிருந்தாலும் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நோயை வேரோடு எடுப்பது மஜ்ஜை மாற்று மட்டுமே. ஆனால் ஒட்டிய மஜ்ஜை உடலையே தாக்கலாம், உயிரும் போகலாம். மஜ்ஜையே ஓய்ந்துபோனவர்களுக்கும், விலை எட்டாமல் மருந்தே கிடைக்காதவர்களுக்கும் அந்த வழி. ராவுலிசுமாபில் ஹீமோகுளோபின் நன்றாக நிற்கிறவர், மாத்திரை என்பதற்காக மட்டும் மாற வேண்டியதில்லை.