கிளெப் தேர்வுக்கு மணிக்கணக்கு: இரண்டே கால் வருட அனுபவம்

டெக்சஸில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் அசோசியேட் டிகிரி (இரண்டு வருடப் பட்டம்) படித்துக்கொண்டிருக்கிறேன். வயது 38, இரண்டு பிள்ளைகள், பகலில் வேலை. டிகிரிக்கு 60 கிரெடிட் (பாடங்களை முடித்தால் சேரும் அலகு) வேண்டும். அதில் 15 கிரெடிட்டை வகுப்புக்குப் போகாமல், காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் கிளெப் (CLEP) தேர்வுகளை எழுதியே வாங்கினேன். முதல் தேர்வு 2023 ஜனவரியில், ஐந்தாவது பாடத்தை முடித்தது 2025 ஏப்ரலில்.

கேள்விப்பட்டு விசாரிக்கிற தோழிகள் எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை வாரம் படிக்கணும்?" நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் வாரத்தை வைத்துத் திட்டம் போட்டால் ஏமாந்துபோவோம். உட்கார்ந்து படித்த மணி நேரத்தைத்தான் எண்ண வேண்டும்.

ஒரு நோட்டில் ஒவ்வொரு நாளும் படித்த நிமிடங்களை எழுதி வந்தேன். என் திட்டம் வாரத்துக்கு 7 மணி நேரம்: பிள்ளைகள் தூங்கிய பிறகு தினமும் கொஞ்சம், சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம். மூன்று மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தால், நடந்தது சராசரியாக நாலரை மணி நேரம்தான். காய்ச்சல், ஊரிலிருந்து வந்த விருந்தாளிகள், ஆபீஸில் மாதக் கடைசி வேலை என்று மீதி எல்லாம் போய்விட்டது. அன்றிலிருந்து நாலரையை வைத்தே கணக்குப் போடுகிறேன்.

முதலில் எழுதியது காலேஜ் அல்ஜீப்ரா. 19 மணி நேரத்தில் முடிந்தது. பிளஸ் டூவில் தமிழ் வழியில் முதல் குரூப் படித்தவள் நான். மடக்கை, கலப்பெண், ஈருறுப்புத் தேற்றம் எல்லாம் எங்கோ உள்ளே பத்திரமாக இருந்தன. அவற்றின் ஆங்கிலப் பெயர்களோடு பழகத்தான் 6 மணி நேரம் ஆனது. 90 நிமிடத்தில் சுமார் 60 கேள்விகள், நிதானமாகவே போடலாம். அடுத்து சோஷியாலஜி, 37 மணி நேரம். அதுவும் நல்லபடியாக முடிந்தது.

அப்புறம் அமெரிக்க வரலாறு, முதல் பகுதி. இதில் தோற்றேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் திட்டமிடுவது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது இங்கேதான்.

படிக்கத் தொடங்கிய அன்றே ஆர்வத்தில் தேதியைப் பதிந்துவிட்டேன். 61 மணி நேரம் படித்தேன், குறைவென்று சொல்ல முடியாது. ஆனால் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்ததால், பாதிக்கும் மேற்பட்ட நேரம் காலனிகளிலும் புரட்சிப் போரிலுமே கழிந்தது. காலேஜ் போர்டின் பாடத்திட்டத்திலோ 1500 முதல் 1789 வரையிலான காலத்துக்குச் சுமார் 30 சதவீதம்தான். மீதி 70 சதவீதம் 1790 முதல் 1877 வரை. மிசௌரி உடன்பாடு, ஜாக்சன் காலம், கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம், உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்பு எல்லாவற்றையும் கடைசி இரண்டு வாரத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். தேர்வில் சுமார் 120 கேள்விகள், ஒரு கேள்விக்கு 45 வினாடிதான். தெளிவாகத் தெரியாததை யோசித்துக்கொண்டிருக்க நேரமே இல்லை.

முடித்ததும் திரையில் மதிப்பெண் வந்தது: 47. அளவுகோல் 20 முதல் 80 வரை, என் காலேஜுக்கு வேண்டியது 50. காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். மறுபடி எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

அந்த மூன்று மாதத்தில் முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு ஒரு மணி நேரம் மட்டும், மறக்காமலிருக்க. கடைசி மாதம் 19 மணி நேரம், முழுவதும் 1790க்குப் பிறகான பகுதிக்கு. இரண்டாம் முறை 56. ஆக இந்த ஒரு பாடத்துக்கு மட்டும் 88 மணி நேரம்.

அதன் பிறகு முறையை மாற்றினேன். முதல் நாளே, ஒன்றும் படிக்காமல், மாதிரித் தேர்வு ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதுவேன். மதிப்பெண் குறைந்தால் கவலையில்லை, எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். பாடத்திட்டத்தின் சதவீதத்தையும் அந்த ஓட்டைகளையும் பக்கத்தில் வைத்துத்தான் மணி நேரத்தைப் பிரிப்பேன். முக்கால்வாசி முடிந்ததும் இன்னொரு மாதிரித் தேர்வு. அதில் நல்ல இடைவெளியோடு தேறினால்தான் தேதி. வரலாறு இரண்டாம் பகுதிக்கு 46, அமெரிக்க ஆட்சிமுறை பாடத்துக்கு 38 மணி நேரம். இரண்டும் முதல் முயற்சியிலேயே கிடைத்தன.

மொத்தம் 228 மணி நேரம். ஒரு கிரெடிட்டுக்கு வகுப்பும் வீட்டுப்பாடமும் சேர்த்து 45 மணி நேரம் என்பது இங்கே வழக்கமான கணக்கு. அப்படிப் பார்த்தால் 15 கிரெடிட்டுக்கு 675 ஆகியிருக்கும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற லாப நோக்கில்லாத அமைப்பு இலவசமாகப் பாடம் நடத்தி, முடித்தவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரும் தருகிறது. எனக்குப் பெரிய உதவி. ஆனால் வீடியோ ஓடும் நேரத்தைப் படிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். நான் அதைப் பாதியாகத்தான் எழுதுவேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டதென்றால் கால்பங்கு. டெஸ்ட் சென்டர்கள் தனியாக ஒரு கட்டணம் கேட்கும், அதற்கும் எடுத்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், எந்தத் தேர்வுக்கு எத்தனை கிரெடிட், எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்று உங்கள் காலேஜில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காலேஜுக்குக் காலேஜ் மாறும்.

அடுத்தது பயாலஜி. செல், உயிரினம், சூழலும் பரிணாமமும் என்று மூன்று பகுதிகளும் ஏறத்தாழ சமம். நேற்று மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தேன். செல் பகுதி பரவாயில்லை, சூழலியலில் நிறைய விட்டிருக்கிறேன். நோட்டில் 60 மணி நேரம் என்று போட்டிருக்கிறேன், அதில் பாதி சூழலியலுக்கு. தேதி இன்னும் பதியவில்லை.