குற்றாலத்திலிருந்து திரும்பும்போது பால்கோவா வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

குற்றாலத்தில் குளித்துவிட்டு வேனில் மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ராஜபாளையம் தாண்டியதும் டிரைவர், "ஸ்ரீவில்லிபுத்தூர் ஊருக்குள்ள போனா டிராஃபிக் சார், இங்கயே நல்லா இருக்கும்" என்று ரோட்டோரக் கடை ஒன்றில் நிறுத்தினார். 'அசல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா' என்று பெரிய போர்டு. ருசி பார்க்கத் தட்டிலிருந்து இளஞ்சூடாக எடுத்துக் கொடுத்தார்கள். இளம்பழுப்பு நிறம், குருணை குருணையாக, விரலெல்லாம் நெய். உண்மையிலேயே அருமை. அரைக் கிலோ வீதம் ஆறு பெட்டி கேட்டோம். தட்டிலிருந்து எடுக்கவில்லை, முன்பே ஒட்டி வைத்த பெட்டிகள் உள்ளேயிருந்து வந்தன. "அதே சரக்குதாங்க" என்றார்கள். பில் கிடையாதாம்.

வீட்டில் பிரித்தால் வெள்ளை வெளேரென்று, பசை மாதிரி அண்ணத்தில் ஒட்டுகிறது. பால் வாசனையே இல்லை. கொஞ்சம் எடுத்து வெந்நீரில் கரைத்து, ஆறியதும் டிஞ்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டேன். கருநீலமாகிவிட்டது. மாவு கலந்திருக்கிறது. எடையும் பெட்டியோடு சேர்த்துத்தான் 500 கிராம். பெட்டிமேல் கோபுரப் படம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. தயாரித்த தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், முகவரி எதுவுமே இல்லை. இதைக் குழந்தைகளுக்குக் கொடுத்திருக்கிறோமே என்று வயிறு எரிகிறது.

2019-இல் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, வாங்கிய பண்டம் இது. பாலும் சர்க்கரையும் தவிர வேறெதுவும் சேர்க்க மாட்டார்கள். விறகடுப்பில் கைவிடாமல் கிண்டி, பத்து லிட்டர் பால் சுண்டினால் மூன்று கிலோ சொச்சம்தான் தேறும். அந்த அனலில் நிற்பவர்களின் பெயரை இப்படி மாவைக் கரைத்துக் கெடுக்கிறார்கள்.

பத்து நிமிஷம் கூட ஆனாலும் பரவாயில்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் ஊருக்குள் போங்கள். ஆண்டாள் கோயிலைச் சுற்றி நல்ல கடைகள் இருக்கின்றன, பால் கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனையும் உண்டு. ருசி பார்த்த அதே தட்டிலிருந்து கண்ணெதிரே எடுத்து, பெட்டி எடையைக் கழித்து நிறுக்கச் சொல்லுங்கள். எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று தட்டருகே எழுதி வைத்திருக்க வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து அது கட்டாயம். டிரைவர் தானாக நிறுத்தும் கடையில் இறங்கவே வேண்டாம்.

பில்லை விடாதீர்கள். எங்களிடம் ஜிபே ரசீது மட்டும்தான், அதிலும் கடைப் பெயர் இல்லை. அதையும் பெட்டிப் படங்களையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். மீதியிருக்கும் இரண்டு பெட்டிகளை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒப்படைக்கப் போகிறேன்.