பாடி டாக்: அழுதுகொண்டே ஆட ஒரு சிடி

சிடி வாங்குவதையே எல்லாரும் நிறுத்திவிட்ட காலத்தில் ஒரு சிடி வாங்கினேன். ஸ்டாக்ஹோம்காரரான பாப் பாடகி ராபின் 2010 நவம்பரில் வெளியிட்ட பாடி டாக் (Body Talk) என்ற ஆல்பம். போனில் எத்தனையோ முறை கேட்டதுதான், காசு கொடுத்து வாங்கவேண்டிய தேவையே இல்லை, ஆனாலும் நடுவில் விளம்பரமோ வேறு யாருடைய பாட்டோ வந்து விழாமல் 15 பாட்டையும் அவர் அடுக்கிய வரிசையிலேயே கேட்டுவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். பார்சல் வந்தபோது பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு மூலை உடைந்திருந்தது. தட்டில் கீறல் இல்லை, அதனால் சண்டைக்குப் போகவில்லை.

முதலில் மூன்றாவது பாட்டைச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் இதை வாங்குவதே அதற்காகத்தான் இருக்கும். டான்சிங் ஆன் மை ஓன். ராபினும் பாட்ரிக் பெர்கரும் சேர்ந்து எழுதியது. தொடக்கத்தில் சிந்த் பேஸ் (சிந்தசைசரில் வாசிக்கும் கனத்த அடிஒலி) தையல் மிஷின் ஓடுகிற மாதிரி தடதடவென்று ஓடுகிறது, ஏறாது, இறங்காது, மூச்சுவிடவும் நிற்காது. கதை ரொம்பச் சின்னது. கிளப்பில் ஒரு மூலையில் ஒருத்தி நிற்கிறாள், எதிரே அவளுடைய பழைய காதலன் இன்னொருத்தியை முத்தமிடுகிறான், இவள் அதைப் பார்த்துக்கொண்டே ஆடுகிறாள். போய்ச் சட்டையைப் பிடிப்பதில்லை, வீட்டுக்குக் கிளம்புவதும் இல்லை. பாடுகிறவர் குரலைக் கொஞ்சம் உடைத்துக்காட்ட நிறைய இடம் இருக்கிறது, ராபின் ஒரு இடத்திலும் உடைக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறவர் மாதிரி நேராகப் பாடிவிட்டுப் போகிறார். 2016-இல் கேலம் ஸ்காட் என்ற பிரிட்டிஷ் பாடகர் இதே பாட்டை மெதுவாக, உருக்கமாகப் பாடி பிரிட்டனில் 2-ஆம் இடம் வரை கொண்டுபோனார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது வெறும் சோகப்பாட்டு. அசல் பாட்டில் அந்த பீட் இருப்பதால், ஆட்டம் நின்றால் இவள் விழுந்துவிடுவாள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. சாவு மேளத்துக்கு ஆடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஒருநாள் ராத்திரி மின்சாரம் போன வீட்டில் ஹெட்போனில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன், பேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு இடத்தில் டிரம் மட்டும் படபடவென்று உருண்டு மறுபடி கோரஸில் போய் விழுகிறது, அந்த ஒரு நொடியில் என் காலும் தானாகத் தரையைத் தட்டிவிட்டது. அதுவரைக்கும் சோகமாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

சரி, இவர் யார் என்று கேட்பவர்களுக்கு. முழுப்பெயர் ராபின் மிரியம் கார்ல்சன், 1979-இல் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் நாடகக்காரர்கள், குழுவோடு ஊர் ஊராகப் போனவர்கள், பிள்ளையும் கூடவே போனது. பதின்வயதிலேயே ரெக்கார்ட் கம்பெனி ஒப்பந்தம் ஆகிவிட்டது. 1997-இல் அமெரிக்க ஹாட் 100 பட்டியலில் இவருடைய இரண்டு பாட்டுகள் 7-ஆம் இடம் வரை போயின, இரண்டிலும் டென்னிஸ் பாப், மேக்ஸ் மார்ட்டின் என்ற அந்த ஸ்டாக்ஹோம் இசைத் தயாரிப்பாளர் கூட்டணியின் கை இருக்கிறது. அதே மேக்ஸ் மார்ட்டின் அடுத்த வருடம் பிரிட்னி ஸ்பியர்ஸை எங்கே கொண்டுபோனார் என்பது ஊருக்கே தெரியும். ராபினும் அந்தப் பாதையிலேயே போயிருக்கலாம். போகவில்லை. 1999-இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் தன்னுடைய கருக்கலைப்பைப் பற்றிப் பாடியிருந்தார். அமெரிக்காவுக்காக மாற்றச் சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டார், ஆல்பம் அங்கே வெளிவரவே இல்லை. வயது இருபதுதான். பிறகு தி நைஃப் என்ற ஸ்வீடிஷ் இரட்டையரோடு (அக்கா தம்பி) ஒரு எலக்ட்ரானிக் பாட்டைச் செய்து கொண்டுபோய்க் காட்டினால் கம்பெனிக்குப் பிடிக்கவில்லை. ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியே வந்து 2005-இல் கோனிச்சிவா ரெக்கார்ட்ஸ் என்று சொந்தமாகவே ஒரு ரெக்கார்ட் கம்பெனியைத் தொடங்கினார். அதில் முதலில் வெளியிட்ட ஆல்பத்துக்குத் தன் பெயரையே வைத்தார், ஸ்வீடனில் முதலிடம். 2007-இல் கிளீரப் என்ற ஸ்வீடிஷ் இசைத் தயாரிப்பாளரோடு சேர்ந்து பாடியது பிரிட்டனிலும் முதலிடம்.

சுயாதீனம் என்றதும் வீட்டு மாடியில் ரெக்கார்ட் செய்து கையில் தூக்கிக்கொண்டு விற்றார் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டு விநியோகத்துக்குப் பெரிய கம்பெனிகளோடு கைகோத்துத்தான் வேலை செய்தார். ஆனால் எந்தப் பாட்டு, எப்போது, எப்படி என்பது அவர் கையில் இருந்தது. பாடி டாக்கே அதற்கு ஆதாரம். ஒரு ஆல்பத்துக்கு வருடக்கணக்கில் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், முடிந்த பாட்டுகளை முதல் பாகமாக 2010 ஜூனில் விட்டார், செப்டம்பரில் இரண்டாம் பாகம், நவம்பரில் இரண்டிலிருந்தும் ஐந்தைந்தை எடுத்து ஐந்து புதுப் பாட்டு சேர்த்து இந்த முழு ஆல்பம். ஒரே வருடத்தில் மூன்று தடவை ரசிகனின் பாக்கெட்டில் கைவைப்பதற்கு எந்த கம்பெனி மேலாளரும் கொஞ்சம் யோசித்திருப்பார்.

என் புகாரும் இங்கேதான். முதல் பாகத்தின் கடைசியில் ஒரு பழைய ஸ்வீடிஷ் நாட்டுப்புறப் பாட்டு இருந்தது, ரோஜாவைப் பற்றியது. அத்தனை மிஷின் சத்தத்துக்கும் பிறகு அது வரும்போது, கல்யாண வீட்டில் மைக்செட்டை அணைத்ததும் சட்டென்று காது திறக்குமே, அப்படி இருக்கும். இந்த 15-இல் அது இல்லை. அதே பாகத்தில் இருந்த க்ரை வென் யூ கெட் ஓல்டர் பாட்டும் இல்லை. அந்த இரண்டையும் தூக்கிவிட்டு அமெரிக்க ராப் பாடகர் ஸ்னூப் டாக் வருகிற பாட்டையும் டான்ஸ்ஹால் குவீனையும் வைத்திருக்கிறார்கள். ஸ்னூப் வருவது தமாஷாக இருக்கிறது, ஒருமுறைக்குப் போதும். டான்ஸ்ஹால் குவீன் வந்தால் நான் தண்ணீர் குடிக்க எழுந்துபோகிறேன்.

இரண்டாவது பாட்டு வேறு ரகம். குடி என்னைக் கொல்கிறது, சிகரெட் கொல்கிறது, டயட் கொல்கிறது, ஹை ஹீல்ஸ் கொல்கிறது என்று ஒரு தொந்தரவுப் பட்டியலை உணர்ச்சியே இல்லாமல் வாசித்துக்கொண்டு போகிறார், பின்னால் பீட் ஒவ்வொன்றாக ஏறுகிறது. கடைசியில் எனக்கு யாரும் ஒன்றும் சொல்லாதீர்கள் என்கிறார், அதுவும் ஒரு கெட்டவார்த்தையோடு, தலைப்பிலேயே இருக்கிறது. வீட்டில் சத்தமாக வைக்கும்போது பெரியவர்கள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதாக டைம் மெஷின், மறுபடி மேக்ஸ் மார்ட்டினோடு செய்தது. சின்ன வயதில் தன்னை வைத்து ஹிட் கொடுத்தவரிடம் பதிமூன்று வருடம் கழித்து, இப்போது சொந்தக் கம்பெனி முதலாளியாகத் திரும்பிப் போயிருக்கிறார். பாட்டு சுமார்தான், போனது எனக்குப் பிடித்திருக்கிறது.

எட்டாவது, கால் யுவர் கேர்ள்ஃப்ரெண்ட். இதில் ராபின் ஜெயித்தவளின் பக்கம் நின்று பாடுகிறார். உன் காதலியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல், இப்படிச் சொல், அவள் மனசு நோகாமல் சொல் என்று அவனுக்குப் பாடம் எடுக்கிறார். முதலில் கேட்கும்போது எவ்வளவு நல்ல மனசு என்று தோன்றும், நாலாவது முறை கேட்கும்போது எவ்வளவு கொடூரம் என்று தோன்றும். மூன்றாவது பாட்டில் மூலையில் நின்றவளுக்கு மறுநாள் வந்திருக்கக்கூடிய போன் இதுதான் என்று வைத்துக்கொண்டு கேட்டுப்பாருங்கள். வீடியோவும் கட்டாயம் பார்க்க வேண்டியது, காலியான பெரிய கூடம், கட் இல்லாத ஒரே ஷாட், அவர் மட்டும் ஆடுகிறார், தரையில் உருள்கிறார், எழுந்து மறுபடி ஆடுகிறார். ஸ்டெப் சுத்தமாக இல்லை, அதனால்தான் நன்றாக இருக்கிறது.

இதற்குப் பிறகு எட்டு வருடம் தனி ஆல்பமே இல்லை. 2018-இல் ஹனி வந்தது, ஒன்பதே பாட்டு, அதிகம் மெத்தென்றது, அதற்குத் தனியாக எழுத வேண்டும். 2019 மார்ச்சில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கச்சேரி முடித்துத் திரும்பிய கூட்டம் கீழே சப்வே பிளாட்பாரத்தில் நின்று மூன்றாவது பாட்டைக் கத்திப் பாடி ஆடியது, அந்த வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தனியாக ஆடுவதைப் பற்றிய பாட்டு, பிளாட்பாரம் முழுக்க ஆள்.

வாங்கலாமா? வாங்கலாம். சின்ன புளூடூத் ஸ்பீக்கரில் மட்டும் போடாதீர்கள், அந்த பேஸ் செத்துப்போகும். ஹெட்போன் இருந்தால் போதும். அப்புறம் முதல் பாகம் தனியாக எங்கேயாவது கிடைத்தால் அதையும் எடுத்துவிடுங்கள், அந்த ரோஜாப் பாட்டுக்காக. நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.