விண்டோஸ் லேப்ஸ் – ஒன்றரை வருஷமா ஓட்டிட்டு எழுதற ரிவ்யூ

கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனில சிஸ்டம் அட்மினா இருக்கேன், 300 சொச்சம் மெஷின், நாலு பிராஞ்ச், ஐடில மொத்தமே அஞ்சு பேர். லேப்ஸுங்கறது ஒவ்வொரு மெஷினோட லோக்கல் அட்மின் (அந்த மெஷினுக்குள்ள முழு உரிமை இருக்கற அக்கவுண்ட்) பாஸ்வேர்டயும் தானா மாத்தி பாத்துக்கற விண்டோஸ் வசதி. இது சின்ன, நடுத்தர ஆபீஸ்ல ஏடி (ஆக்டிவ் டைரக்டரி, கம்பெனி மெஷின், யூசர் எல்லாத்தையும் ஒரு டொமைனா சேத்து ஒரே இடத்துலேர்ந்து பாத்துக்கற மைக்ரோசாஃப்ட் சிஸ்டம்) பாக்கறவங்களுக்காக எழுதறது, ஏன்னா கைல இருக்கற இந்த சாமான பல இடத்துல இன்னும் ஆன் பண்ணாமயே வெச்சிருக்காங்க.

நாங்க இருந்த நிலைமை இதுதான். எல்லா மெஷின்லயும் ஒரே லோக்கல் அட்மின் பாஸ்வேர்ட், என்னைக்கோ இமேஜ் (ரெடியா வெச்ச விண்டோஸ் காப்பி) போட்டப்ப வெச்சது, ஆறு வருஷமா மாத்தல. வேலைய விட்டு போன டெஸ்க்டாப் பசங்க எல்லாருக்கும் தெரியும், சர்வர் ரூம் யூபிஎஸ் மேல ஸ்டிக்கர்ல கூட எழுதி ஒட்டியிருந்துச்சு. ஒரு நாள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல ஒரு மெஷின்ல தெரியாத சாஃப்ட்வேர் கிடக்குது, யாரு போட்டாங்கன்னு பாத்தா அங்க வேலை செய்யறவங்களே அந்த பாஸ்வேர்ட அடிச்சு போட்டிருக்காங்க. அத விட பெரிய பயம் என்னன்னா, ஒரு மெஷின்ல எவனாவது புகுந்து அந்த அட்மினோட ஹேஷ (பாஸ்வேர்ட உருமாத்தி மெஷின் சேத்து வெச்சிருக்கற வடிவம்) எடுத்துட்டான்னா பாஸ்வேர்டே தெரியாம மீதி 300லயும் அதே ஹேஷ வெச்சு நுழைஞ்சுடலாம், ரேன்சம்வேர் ஆளுங்க பரவறதுக்கு இது ரொம்ப பழகின வழி.

குரூப் பாலிசி (எல்லா மெஷினுக்கும் ஒரே இடத்துலேர்ந்து செட்டிங் அனுப்பற வழி) பிரிஃபரன்ஸ்ல பாஸ்வேர்ட் போட்டு தள்ளலாமேன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. அது சிஸ்வால்ங்கற டொமைன் சர்வர் ஷேர் ஃபோல்டர்ல ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல்ல உக்காரும், டொமைன் யூசர் யார் வேணா படிக்கலாம், அத பூட்டின சாவிய மைக்ரோசாஃப்டே தன்னோட டாக்குமெண்ட்ல வெளியிட்டிருந்தாங்க. 2014 மே மாச பேட்ச்ல புதுசா போடறத நிறுத்தினாங்க, ஆனா ஏற்கனவே போட்ட ஃபைல் தானா அழியாது. இன்னைக்கே சிஸ்வால்ல 'சிபாஸ்வேர்ட்'னு (cpassword) தேடி பாருங்க. எங்ககிட்ட ரெண்டு இருந்துச்சு.

லேப்ஸ் பண்றது ஒண்ணே ஒண்ணுதான், ஆனா சுத்தமா பண்ணுது. ஒவ்வொரு மெஷினும் தன்னோட லோக்கல் அட்மினுக்கு தானே ஒரு ராண்டம் பாஸ்வேர்ட் உருவாக்கி ஏடில தன் கம்ப்யூட்டர் ஆப்ஜெக்ட்லயே எழுதி வெச்சுக்குது, டிஃபால்ட்டா 14 எழுத்து, 30 நாளைக்கு ஒரு தடவை மாத்திடும். 2015ல வந்த பழைய லேப்ஸுக்கு மெஷின் மெஷினா தனியா இன்ஸ்டால் பண்ணனும், பாஸ்வேர்ட் ஏடில அப்படியே கிளியர் டெக்ஸ்ட்ல கிடக்கும், பர்மிஷன் மட்டும்தான் காவல். இப்ப இருக்கறது 2023 ஏப்ரல் அப்டேட்லேர்ந்து விண்டோஸ்குள்ளயே வருது, 10, 11, சர்வர் 2019, 2022 எல்லாத்துலயும். ஹோம் எடிஷன்ல கிடையாது. தனி லைசென்ஸ் காசு எதுவும் இல்ல.

செட்டப் அரை நாள் வேலை. ஏடியோட ஸ்கீமாவ (ஏடில என்னென்ன தகவல் வெக்கலாம்ங்கற அமைப்பு) ஒரு தடவை அப்டேட் பண்ணனும், மெஷின் இருக்கற ஓயூவுக்கு (ஏடில மெஷின்கள பிரிச்சு வெக்கற ஃபோல்டர் மாதிரி) தன் பாஸ்வேர்ட தானே எழுதற செல்ஃப் பர்மிஷன் குடுக்கணும், அப்புறம் ஜிபிஓ, அதாவது குரூப் பாலிசி செட்டிங். சென்ட்ரல் ஸ்டோர் (ஜிபிஓ டெம்ப்ளேட்ட எல்லாம் பொதுவா வெக்கற ஃபோல்டர்) வெச்சிருந்தா லேப்ஸோட ஏடிஎம்எக்ஸ் டெம்ப்ளேட் ஃபைல நீங்களேதான் அங்க காப்பி பண்ணனும், இல்லன்னா ஜிபிஓ எடிட்டர்ல லேப்ஸ்ங்கற ஃபோல்டரே தெரியாது. ஏடில இருக்கற பாஸ்வேர்ட பூட்டி வெக்கற என்க்ரிப்ஷன் வேணும்னா டொமைன் ஃபங்‌ஷனல் லெவல் (டொமைன் எந்த சர்வர் வெர்ஷன் வசதி வரைக்கும் பயன்படுத்தும்ங்கற அளவு) 2016 இருக்கணும். எங்களோடது 2012 ஆர்2ல நின்னுட்டு இருந்துச்சு, ஒரு பழைய டிசிய (டொமைன் கன்ட்ரோலர், ஏடி ஓடற சர்வர்) எடுத்துட்டு லெவல ஏத்தறதுக்குதான் ரெண்டு வாரம் போச்சு.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன், யாரு படிக்கலாம்ங்கற விஷயம். ஒரு திங்கக்கிழமை காலைல பிராஞ்ச்ல ஒரு மெஷின் டொமைனோட டிரஸ்ட் விட்டுடுச்சு, அதாவது டொமைன் அந்த மெஷின நம்பறத நிறுத்திடுச்சு, லோக்கல் அட்மின்ல போனாதான் சரி பண்ண முடியும். ஹெல்ப்டெஸ்க் பையன் லேப்ஸ் டேப்ப திறந்துட்டு கூப்பிடறான், "அண்ணா, என்க்ரிப்ட் ஆகியிருக்கு, டிக்ரிப்ட் பண்ண பர்மிஷன் இல்லைன்னு வருது". பவர்ஷெல்ல பாத்தா டிக்ரிப்ஷன் ஸ்டேட்டஸ்ல அன்ஆத்தரைஸ்ட்னு நிக்குது. ரீட் பர்மிஷன் நான் குடுத்திருந்தேன், ஆனா அது ஏடி லெவல்ல மட்டும்தான். பூட்ட திறக்கற உரிமை தனி, ஜிபிஓல யாரு டிக்ரிப்ட் பண்ணலாம்னு சொல்லலேன்னா டொமைன் அட்மின்ஸ் மட்டும்தான் திறக்க முடியும். அந்த செட்டிங் ஒரே ஒரு குரூப்பதான் எடுத்துக்கும், அதனால அதுக்குன்னே தனியா ஒரு குரூப் போட்டு ஹெல்ப்டெஸ்க்க அதுக்குள்ள வெச்சேன். அதோடயும் முடியல, ஏற்கனவே பூட்டின பாஸ்வேர்ட் பழைய ஆளுக்கு மட்டும்தான் திறக்கும், அதனால எல்லா மெஷினுக்கும் எக்ஸ்பைரி டைம முன்னாடி தள்ளி புதுசா மாத்த வெக்க வேண்டியதாயிடுச்சு.

அதே வேகத்துல ஓயூ மேல யாருக்கெல்லாம் எக்ஸ்டெண்டட் ரைட்ஸ் (மறைச்சு வெச்ச தகவலையும் படிக்க விடற கூடுதல் உரிமை) இருக்குன்னு காட்டற லேப்ஸ் கமாண்ட ஓட்டினேன். எப்பவோ மெஷின ஜாயின் பண்றதுக்காக ஒரு குரூப்புக்கு டெலிகேட் பண்ணி விட்டது அப்படியே நிக்குது, உள்ள இருக்கறவங்கள்ல மூணு பேரு கம்பெனிலயே இல்ல. லேப்ஸ் போடறதுக்கு முன்னாடியே இத ஓட்டி சுத்தம் பண்ணிடுங்க, ஏன்னா அப்படி விட்டு வெச்ச உரிமையே பாஸ்வேர்ட எடுக்கற வழியா மாறிடும்.

எனக்கு ரொம்ப பிடிச்சது, பாஸ்வேர்ட ஒரு தடவை யூஸ் பண்ணினதுக்கு அப்புறம் அது தானா மாறிடறது. டிஃபால்ட் 24 மணி நேரம், அந்த அக்கவுண்ட்ல லாகின் ஆகியிருந்தா லாக்ஆஃபும் பண்ணி விடும். நாங்க 4 மணி நேரம்னு வெச்சிருக்கோம். அவசரத்துக்கு ஒரு யூசருக்கு போன்ல சொல்லி குடுத்தா கூட சாயங்காலத்துக்குள்ள அது செல்லாது, இந்த நிம்மதி முன்னாடி எங்களுக்கு இருந்ததே இல்ல.

ஆனா அந்த போன்ல சொல்றதுதான் கொடுமை. ஜீரோவா ஓவா, சின்ன 'எல்'லா பெரிய 'ஐ'யான்னு ஒரு பாஸ்வேர்டுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும், நடுவுல ஒரு எழுத்து தப்பினா முதல்லேர்ந்து. விண்டோஸ் 11 24எச்2லயும் சர்வர் 2025லயும் குழப்பற எழுத்த விட்டுட்டு உருவாக்கற ஆப்ஷனும், வார்த்தையா கோத்து பாஸ்ஃபிரேஸா குடுக்கறதும் வந்திருக்கு. ஆறு மெஷின்ல போட்டு பாத்தோம், போன்ல சொன்னா முதல் தடவையே சரியா அடிக்கறாங்க. பழைய வெர்ஷன்ல இது கிடையாது.

குறைனு பாத்தா, ஒரு மெஷின்ல ஒரே ஒரு அக்கவுண்டதான் பாத்துக்கும். விஎம்ம (சாஃப்ட்வேர்ல ஓடற மெஷின்) பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது முன்னாடி சேவ் பண்ணி வெச்ச நிலைமைக்கு திருப்பினா மெஷின்ல பழைய பாஸ்வேர்ட், ஏடில புதுசு, ரெண்டும் ஒத்து போகாது. இத கண்டுபிடிக்கற வசதியும் 24எச்2, சர்வர் 2025லேர்ந்துதான். ஏடில கம்ப்யூட்டர் ஆப்ஜெக்ட டெலீட் பண்ணினா அதோட பாஸ்வேர்டும் போச்சு, அதனால கிளீனப் பண்றப்ப மெஷின் கைல இருக்கான்னு பாத்துட்டு அழிங்க, நாங்க இப்ப டிசேபிள் பண்ணி 90 நாள் வெச்சுட்டுதான் எடுக்கறோம்.

பழைய லேப்ஸ் ஓடிட்டு இருக்கற இடம்னா, ஒரே மெஷின்ல ஒரே அக்கவுண்டுக்கு பழசும் புதுசும் சேத்து பாலிசி போடாதீங்க. பத்து மெஷின் இருக்கற ஒரு டெஸ்ட் ஓயூல ஆரம்பிங்க, ஈவண்ட் வியூவர்ல லேப்ஸ் ஆபரேஷனல் லாக்ல 10018 வந்துச்சான்னு பாருங்க, அது வந்தா பாஸ்வேர்ட் ஏடில ஏறிடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு அப்புறம் டொமைன் அட்மின் லாகின்ல இல்லாம ஹெல்ப்டெஸ்க் பையனோட லாகின்ல ஒரு பாஸ்வேர்ட எடுத்து பாத்துட்டு மீதி ஓயூவுக்கு போங்க.