போன் வருமென்று பார்த்தால் சவர்க்காரம் வந்தது

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஒன்லைனில் சாமான் எடுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் வாசியுங்கள். 2025 ஆகஸ்டில், ஏ.எல். படிக்கிற தங்கச்சிக்கு ஒரு போன் ஓடர் பண்ணினேன். 42,900 ரூபாய், பார்சல் கைக்கு வந்ததும் காசு. அம்மாவின் நாட்சம்பளம் அப்போது 1,350. அந்தக் கணக்கில் 32 நாள் தேயிலைக் கொழுந்து பறிக்க வேண்டும்.

கூரியர் பையன் தோட்டத்துக்குள் வரமாட்டான். "ரோட்டு சரியில்லண்ணே, ஜங்ஷனுக்கு வாங்க" என்றான். மழையில் மூன்று கிலோமீற்றர் இறங்கினேன். திறந்து பார்க்கக் கேட்டதற்கு, "காசு கட்டுனாத்தான் உடைக்கலாம்ணே." கட்டினேன். நனையாமல் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அங்கேயே உடைக்காதது என் மடத்தனம்.

அம்மா பெட்டியை வாங்கி உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார். "ஏன்டா, போனு இம்புட்டு கனக்குமா?" கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தராசு எத்தனை கிலோ முழுங்கும் என்று தெரிந்த கை அது.

உள்ளே உடுப்புக்குப் போடுகிற சவர்க்காரக் கட்டி மூன்று, ஒரு டைல் துண்டு. பிறகுதான் கவனித்தேன். அடி மூலையில், கடையின் பெயர் அச்சடித்த டேப்புக்கு மேலே வெறும் பழுப்பு டேப். அதை உரித்தால் பிளேட்டால் நேராக அறுத்த கோடு. பெட்டியில் ஒட்டியிருந்த சிட்டையில் எடை 0.48 கிலோ, லயத்து வீடுகளுக்குக் கீழே இருக்கிற கடைத் தராசில் 0.71.

விற்றவர்கள் "நாங்க சரியாத்தான் அனுப்பினோம்" என்கிறார்கள். கூரியர்காரர்கள் "நீங்கதான் சைன் பண்ணிட்டீங்களே" என்கிறார்கள்.

2022 ஜனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் தண்டவாளப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். சரக்கு ரயில் நிற்கிற, ஊர்கிற இடத்தில் கன்டெய்னர் பூட்டை வெட்டி, ஒன்லைன் பார்சல்களைப் பிரித்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அங்கேயே வீசியிருந்தார்கள். யூனியன் பசுபிக் கம்பனியின் லைன் அது. கலிபோர்னியா ஆளுநரே வந்து குப்பை அள்ளினார். அங்கே களவு போனது ஊருக்கே தெரிந்தது. இங்கே எடுத்தவன் பெட்டியை ஒட்டி அனுப்பிவிட்டான். நான் காசும் கட்டிக் கையெழுத்தும் போட்டேன்.

அதனால் காசு கொடுக்குமுன், பையன் நிற்கும்போதே, பெட்டியின் ஆறு பக்கத்தையும் வீடியோ எடுங்கள். டேப்புக்கு மேல் டேப் இருந்தால் வாங்கவே வேண்டாம். சிட்டையில் எடை போட்டிருந்தால் பக்கத்துக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். பையன் அவசரப்படுத்துவான், படுத்தட்டும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறைப்பாடு சொன்னேன், பொலிஸிலும் என்ட்ரி போட்டேன். விற்றவர்கள் இதுவரை தந்தது அடுத்த ஓடருக்கு 500 ரூபாய் வவுச்சர்.

ஒரு சவர்க்காரத்தை அம்மா தோய்த்தே தீர்த்துவிட்டார். மற்ற இரண்டையும் ஆதாரத்துக்கென்று அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்.