வருகைப் பதிவேடு என்று நினைத்துக் கையெழுத்திட்டேன்

பசைநாடாவும் கம்பியும் இல்லாமல் தானே பூட்டிக்கொள்ளும் அட்டைப்பெட்டி ஒன்றை இரண்டு ஆண்டுகள் மடித்து மடித்து உருவாக்கினேன். ஒரு பெரிய நிறுவனத்துக்கு அதை விற்கப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். யோசனையைத் தூக்கிக்கொண்டு நிறுவனங்களின் படியேற நினைப்பவர்கள், ஏறும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

வரவேற்பறையில் நான்கு பக்கத் தாள் ஒன்றை நீட்டினார்கள். பெயர், தொலைபேசி எண், வந்த நேரம். வருகைப் பதிவேடு என்று எண்ணிக் கையெழுத்திட்டேன். நான் சொல்லும் எதுவும் இரகசியமாகக் கருதப்படாது, பயன்படுத்தினால் பணம் தர வேண்டியதில்லை என்று மூன்றாம் பக்கத்தில் இருந்திருக்கிறது. வெளியார் யோசனையைக் கேட்கும் முன் பல பெரிய நிறுவனங்கள் இப்படி எழுதி வாங்கிக்கொள்கின்றன. தங்கள் ஆட்களே அதே வேலையில் இருந்தால் பின்னால் வழக்கு வரக் கூடாதாம். நியாயம்தான். அதை வாய்விட்டு ஒருவர் சொல்லியிருக்கலாம், நானும் படித்திருக்கலாம்.

உள்ளே ஆறு பேர். அவ்வளவு மரியாதை! "இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாக" என்றார் ஒருவர். மூன்றாம் முறை மடித்தபோது கைப்பேசியில் படம் பிடித்தார். நானோ நன்றாகத் தெரியட்டும் என்று பெட்டியை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினேன். மடிப்பில்தான் சரக்கே இருக்கிறது. ஒருமுறை பார்த்தவனுக்கு என்னிடம் வாங்க என்ன மிச்சம்?

பிறகு அழைப்பும் இல்லை, கடிதமும் இல்லை. ஓராண்டு தாண்டி அவர்கள் பெட்டி சந்தைக்கு வந்தது. என்னுடையதில் பூட்டும் நாக்கு இடப்புறம், அவர்களுடையதில் வலப்புறம்.

வழக்கறிஞரிடம் ஓடினேன். முத்திரையிட்ட உறையில் எனக்கே அஞ்சல் செய்து வைத்திருந்த வரைபடத்தைப் பெருமையாக மேசையில் வைத்தேன். எப்போது யோசித்தேன் என்பதற்கு அது சாட்சியாகலாமாம், உரிமை எதையும் தராதாம். பதிப்புரிமை யோசனையைக் காப்பதில்லை. உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்து உடன்படிக்கையான ட்ரிப்ஸின் 9ஆம் பிரிவே அப்படித்தான் சொல்கிறது. காப்புரிமைக்கோ புதுமை கெடாமல் இருக்க வேண்டும். இரகசியக் கட்டுப்பாடு இல்லாத ஒரே ஓர் ஆளிடம் காட்டினாலும் ஐரோப்பிய விதிப்படி அது வெளிப்பட்டதுதான். அமெரிக்காவில் கண்டுபிடித்தவருக்கு ஓராண்டு அவகாசம் உண்டு. நான் வழக்கறிஞரிடம் போனது பெட்டியைக் காட்டி 14 மாதம் கழித்து.

பல நாடுகளில் காப்புரிமைக்குத் தற்காலிக விண்ணப்பம் என்று ஒன்று இருப்பதே அன்றுதான் தெரிந்தது. முழு விண்ணப்பத்தைவிடச் செலவு குறைவு. 12 மாதத்துக்குள் பிற நாடுகளில் விண்ணப்பித்தால் அங்கும் முதல் நாள் தேதியே கணக்கு. 1883ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை தரும் உரிமை அது. அந்த விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே போயிருந்தால், அந்தக் கைப்பேசிப் படத்தால் புதுமை கெட்டதே என்று நான் கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை.

இப்போது வேறொரு மடிப்பு வைத்திருக்கிறேன். விண்ணப்பம் போட்ட பிறகே இன்னொரு நிறுவனத்துக்குப் போனேன். அவர்கள் நீட்டிய தாளை வரவேற்பறையிலேயே உட்கார்ந்து கடைசி வரிவரை படித்தேன். அரை மணி நேரம் ஆனது, முகம் சுளித்தார்கள். உள்ளே பூட்டிய பெட்டியைத் தரையில் மூன்று முறை போட்டுக் காட்டினேன். திறந்து காட்டச் சொன்னார்கள். இரகசியக்காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் காட்டுகிறேன் என்றேன். சட்டப் பிரிவைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.